வத்தக்குழம்புக்கு ஒரு வலைப்பக்கம்: எச்டிஎம்எல் டேக்குகளில் முதல் பாடம்

வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் பழக வருகிறவர்களிடம் டேக்குகளின் நீண்ட பட்டியலைக் கொடுத்தால் இரண்டாம் நாளே சலித்துவிடும். ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, அதற்கு என்னென்ன தேவையோ அதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போனால் கை தானாகப் பழகும். நான் சொல்லிக்கொடுப்பது அப்படித்தான். இன்று நாம் எழுதப்போவது ஒரு சமையல் குறிப்பு: சுண்டைக்காய் வத்தக்குழம்பு. தலைப்பு, சாமான்கள், செய்முறை, படம், அளவு என்று அன்றாடம் தேவைப்படுகிற டேக்குகள் பெரும்பாலும் இந்த ஒரு பக்கத்துக்குள் வந்துவிடும்.

முதலில் ஒரு ஏற்பாடு. வகுப்பில் நான் டேக்குகளை வாயால் சொல்ல, கேட்டுக் கேட்டுத் தட்டுவார்கள். இங்கேயும் அப்படியே ஒலிக்கிற விதத்தில் எழுதுகிறேன். யுஎல் என்று எழுதியிருந்தால் யு, எல் என்ற இரண்டு ஆங்கிலச் சின்ன எழுத்துகளைத் தட்டுங்கள். டைட்டில் என்று எழுதியிருந்தால் அந்த ஆங்கிலச் சொல்லை முழுதாகத் தட்டுங்கள். குழப்பம் வரக்கூடிய இடத்தில் எந்த எழுத்து என்று சொல்லிவிடுகிறேன்.

டேக் என்ன வேலை செய்கிறது

பிரௌசருக்கு உங்கள் எழுத்து வெறும் எழுத்துக் கூட்டம். எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்று அதற்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் அடையாளம்தான் டேக். கோண அடைப்புக்குள் ஒரு பெயர் எழுதினால் அது திறக்கும் டேக். முடிகிற இடத்தில் அதே பெயரை, முன்னால் ஒரு சாய்கோடு போட்டு எழுதினால் அது மூடும் டேக்.

<எச்1>சுண்டைக்காய் வத்தக்குழம்பு</எச்1>

இந்த வரி பிரௌசரிடம் சொல்வது, "இதுதான் இந்தப் பக்கத்தின் முதன்மைத் தலைப்பு" என்பதை. எழுத்து பெரிதாகத் தெரிவது அதன் விளைவு, அவ்வளவுதான். கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்ப வருகிற இடம் இது: டேக் என்பது "இது என்ன" என்று சொல்வதற்கு. "இது எப்படித் தெரிய வேண்டும்" என்பது சிஎஸ்எஸ் என்ற இன்னொரு மொழியின் வேலை.

டிம் பெர்னர்ஸ்-லீ 1991ல் செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து இந்த மொழியின் முதல் விவரத்தை வெளியிட்டபோது அதில் 18 டேக்குகள்தான் இருந்தன. இன்று நூற்றுக்கு மேல் இருக்கின்றன. அந்தப் பழைய பட்டியலில் இருந்த தலைப்பு, பத்தி, இணைப்பு, பட்டியல் டேக்குகளை இன்றும் அதே பெயரில்தான் எழுதுகிறோம். இன்று நீங்கள் கற்பது சீக்கிரம் பழசாகிப்போகாது என்ற நம்பிக்கையோடு உட்காரலாம்.

ஒரு டேக்குக்குள் இன்னொரு டேக் வரலாம். அப்போது ஒரே விதிதான்: கடைசியாகப் போட்ட வளையலைத்தான் முதலில் கழற்ற முடியும். பத்தியைத் திறந்து அதற்குள் அழுத்தச் சொல்லைத் திறந்தீர்கள் என்றால், அழுத்தச் சொல்லை மூடிய பிறகுதான் பத்தியை மூட வேண்டும்.

ஃபைலைச் சேமிப்பது

நோட்பேட் போதும். புது ஃபைல் திறந்து, ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் ஒரு பெயர் வைத்து, கடைசியில் புள்ளி எச்டிஎம்எல் என்று முடியும்படி சேமியுங்கள். அங்கேயே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். "சேவ் ஆஸ் டைப்" என்ற இடத்தில் "ஆல் ஃபைல்ஸ்" தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் நோட்பேட் தன் பங்குக்குப் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிவிடும். திறந்தால் பக்கத்துக்குப் பதில் நீங்கள் தட்டிய டேக்குகளே தெரியும். அடுத்தது "என்கோடிங்", அதாவது எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் முறை. அது யுடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். 2019க்குப் பிந்தைய விண்டோஸில் தானாகவே அப்படித்தான் இருக்கும். பழைய கணினியில் அது ஆன்ஸி என்று இருக்கும். அப்படியே சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட எழுத்து திரும்பி வராது, மறுபடி தட்ட வேண்டியதுதான்.

சட்டகம்

எந்தப் பக்கமாக இருந்தாலும் இந்தச் சட்டகத்தில்தான் தொடங்கும்:

<!டாக்டைப் எச்டிஎம்எல்>
<எச்டிஎம்எல் லாங்="டிஏ">
<ஹெட்>
<மெட்டா சார்செட்="யுடிஎஃப்-8">
<மெட்டா நேம்="வியூபோர்ட்" கன்டென்ட்="விட்த்=டிவைஸ்-விட்த்">
<டைட்டில்>சுண்டைக்காய் வத்தக்குழம்பு</டைட்டில்>
</ஹெட்>
<பாடி>
</பாடி>
</எச்டிஎம்எல்>

இதில் லாங் என்பது லாங்குவேஜ் என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்து. சார்செட்டில் வரும் "சார்" என்பது கேரக்டர் என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்து. டாக்டைப் என்பதில் நடுவே இடைவெளி கிடையாது.

முதல் வரி, "புதிய முறைப்படி எழுதிய பக்கம் இது" என்ற அறிவிப்பு. அதை விட்டுவிட்டால் பிரௌசர் 1990களின் பழக்கத்தில் பக்கத்தைக் காட்டப் பார்க்கும். ஹெட் பகுதிக்குள் இருப்பவை பக்கத்தில் தெரியாது, பக்கத்தைப் பற்றிய தகவல்கள் அவை. டைட்டில் மட்டும் பிரௌசரின் மேலே இருக்கும் டேப்பில் தெரியும். தேடுபொறி முடிவுகளிலும் பெரும்பாலும் அதுதான் தலைப்பாக வரும். "என் பக்கம்" என்று வைக்காமல் உள்ளே என்ன இருக்கிறதோ அதை வையுங்கள். பாடி பகுதிக்குள் எழுதுவதுதான் வாசகர் கண்ணில் படும்.

தமிழில் எழுதுகிறவர்கள் சார்செட் வரியை மறக்கவே கூடாது. கணினி எழுத்துகளை எண்களாகத்தான் வைத்திருக்கிறது. எந்த முறைப்படி அந்த எண்களை எழுத்தாக்குவது என்று இந்த வரி சொல்கிறது. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் "க" என்றால் மூன்று பைட். "கி" என்றால் ககரத்துக்கு மூன்று, இகரக் குறிக்கு மூன்று என்று ஆறு. பிரௌசர் முறையைத் தவறாக ஊகித்து ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்துவிட்டால், ஒரு தமிழ் எழுத்து இருந்த இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்தும் விநோதக் குறிகளுமாக மூன்று வந்து நிற்கும். அப்படி ஒரு பக்கத்தைப் பார்த்தால் எழுத்துருவைச் சந்தேகப்படாதீர்கள், இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் அது வந்தாக வேண்டும், அதனால்தான் ஹெட் திறந்ததுமே எழுதிவிடுகிறோம்.

வியூபோர்ட் வரி கைபேசிக்காக. அது இல்லாவிட்டால் கைபேசி உங்கள் பக்கத்தை அகலமான கணினித் திரைக்கு எழுதியது என்று நினைத்து, அந்த அகலத்தைச் சின்னத் திரைக்குள் சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு அளவுக்குத் தெரியும்.

லாங் என்ற இடத்தில் டிஏ என்று எழுதினோம். அது தமிழுக்கான குறியீடு. அதன் அருமை கொஞ்சம் கழித்துத் தெரியும்.

தலைப்பும் பத்தியும்

எச்1 தொடங்கி எச்6 வரை ஆறு தலைப்பு டேக்குகள் உண்டு. எச்1 பக்கத்துக்கு ஒன்று. உள்ளே வரும் பிரிவுகளுக்கு எச்2, அந்தப் பிரிவுக்குள் இன்னும் பிரித்தால் எச்3. நம் பக்கத்தில் "தேவையான பொருட்கள்", "செய்முறை", "அளவு" மூன்றும் எச்2. எச்4க்குக் கீழே போக வேண்டிய தேவை எனக்கு அநேகமாக வந்ததில்லை.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு தவறு உண்டு. ஒரு வரி பெரிதாகத் தெரிய வேண்டும் என்று எச்1 போடுவார்கள், சின்னதாகத் தெரிய வேண்டும் என்று எச்5 போடுவார்கள். ஏன் கூடாது என்று எனக்கு உறைக்கும்படி புரிந்தது, என்னிடம் பழக வந்த பார்வையற்ற நண்பர் ஒருவரோடு உட்கார்ந்தபோதுதான். அவர் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர். ஒரு பக்கம் திறந்ததும் அவர் முதல் வரியிலிருந்து கேட்பதில்லை. எச் விசையைத் தட்டுவார். அடுத்த தலைப்புக்குத் தாவும். மறுபடி தட்டுவார், அடுத்த தலைப்பு. நாம் கண்ணை ஓட்டுகிற மாதிரி அவர் காதை ஓட்டுகிறார். எண் 2ஐத் தட்டினால் எச்2 தலைப்புகளில் மட்டும் தாவும். வெறும் எழுத்தைத் தடிமனாக்கித் தலைப்பு மாதிரி காட்டியிருந்த ஒரு பக்கத்தில் அவர் எச் விசையைத் தட்டினார். தலைப்பே இல்லை என்று பதில் வந்தது. பக்கம் முழுக்க எங்கள் கண்ணுக்குத் தலைப்புகள் தெரிந்துகொண்டிருந்தன. அவருக்கு அது கதவில்லாத வீடு.

லாங் வரியின் அருமையும் இங்கேதான். தமிழ்க் குரல் கணினியில் இருந்தால், டிஏ என்ற அடையாளத்தைப் பார்த்துத் திரைவாசிப்பான் அந்தக் குரலுக்கு மாறிக்கொள்ள முடியும். வரி முழுக்க ஆங்கிலத்தில் வரும் இடத்தில் அந்த டேக்குக்குள்ளேயே லாங்="இஎன்" என்று போட்டுவிடலாம்.

சரி, பத்திக்கு வருவோம். பாராகிராஃப் என்ற சொல்லின் முதல் எழுத்து, பி, அதுதான் பத்தி டேக். ஒவ்வொரு பத்தியையும் அதற்குள் போட வேண்டும். நோட்பேடில் என்டர் தட்டிப் பத்தி பிரித்துவிட்டு, பிரௌசரில் எல்லாம் ஒரே கொத்தாக ஓடுகிறதே என்று திகைப்பார்கள். ஃபைலில் நீங்கள் விடும் என்டர், இடைவெளி, டேப் எத்தனை இருந்தாலும் பிரௌசர் அதை ஒரே ஒரு இடைவெளியாகத்தான் எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. உங்கள் வசதிக்கு எப்படி வேண்டுமானாலும் வரிகளைத் தள்ளி எழுதிக்கொள்ளலாம், பக்கம் கெடாது.

பத்தி முடியாமல் வரி மட்டும் உடைய வேண்டும் என்றால் பிஆர். பிரேக் என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்து. கவிதை வரிகள், முகவரி ஆகியவற்றுக்கு அதுதான் சரி. இந்த டேக்குக்கு உள்ளே எதுவும் வராது என்பதால் மூடும் டேக் கிடையாது. பத்திகளுக்கு நடுவே இடம் விட பிஆரை நான்கைந்து அடுக்குவது நல்ல பழக்கம் இல்லை. அந்த இடைவெளி சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ள வேண்டியது.

தமிழுக்குக் கைகொடுக்கும் ஒரு சின்ன டேக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது: டபிள்யூபிஆர். "கொதித்துக்கொண்டிருக்கும்போதெல்லாம்" போன்ற சொல் கைபேசித் திரையின் விளிம்பைத் தாண்டி ஓடும். பிரௌசர் இடைவெளி இருக்கிற இடத்தில்தான் வரியை உடைக்கும், சொல்லின் நடுவே கை வைக்காது. "கொதித்துக்" என்பதற்குப் பிறகு இந்த டேக்கைப் போட்டால், தேவைப்பட்டால் இங்கே உடைத்துக்கொள் என்று அனுமதி கொடுத்ததாகும். இடம் இருந்தால் உடையாது.

பொருட்கள் ஒரு பட்டியல், செய்முறை ஒரு வரிசை

இரண்டு வகைப் பட்டியல்கள் உண்டு. யுஎல் என்பது புள்ளி வைத்த பட்டியல், ஓஎல் என்பது எண் போட்ட பட்டியல். இரண்டுக்கும் உள்ளே ஒவ்வொரு உருப்படியும் எல்ஐ டேக்கில் வரும்.

<யுஎல்>
<எல்ஐ>சுண்டைக்காய் வத்தல்</எல்ஐ>
<எல்ஐ>நல்லெண்ணெய்</எல்ஐ>
<எல்ஐ>புளி</எல்ஐ>
<எல்ஐ>குழம்புப் பொடி</எல்ஐ>
</யுஎல்>

எதை எங்கே போடுவது என்று தடுமாற்றம் வந்தால், உருப்படிகளை இடம் மாற்றிப் பாருங்கள். புளியை மேலே எழுதினாலும் நல்லெண்ணெயை மேலே எழுதினாலும் கடையில் வாங்குவது அதையேதான். ஆகவே யுஎல். செய்முறையில் அப்படி மாற்ற முடியாது. எண்ணெய் காய வேண்டும், வத்தலை வறுத்து எடுக்க வேண்டும், கடுகும் வெந்தயமும் தாளிக்க வேண்டும், தீயைக் குறைத்துப் பொடியைப் போட்டுக் கருகாமல் ஒரு பிரட்டு பிரட்ட வேண்டும், உடனே புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். பொடி முந்தினாலோ கரைசல் பிந்தினாலோ குழம்பு கசந்துவிடும். ஆகவே ஓஎல். இதில் எண்ணை நீங்கள் தட்டக் கூடாது. நடுவில் ஒரு படியைச் சேர்த்தால் பிரௌசரே எண்களைத் திருத்திக்கொள்ளும்.

பட்டியலைப் பட்டியல் டேக்கில் போட்டால், திரைவாசிப்பான் அதற்குள் நுழையும்போதே எத்தனை உருப்படிகள் என்று சொல்லிவிடும். வரிக்கு முன்னால் நாமே ஒரு கோடு போட்டு எழுதினால் அந்தத் தகவல் போய்ச் சேராது.

அழுத்தம்

"பொடி போடும் முன் தீயைக் குறைக்கவும்" என்ற வரி கட்டாயம் கண்ணில் பட வேண்டும். அதற்கு ஸ்ட்ராங். இது முக்கியம் என்று சொல்லும் டேக், தடிமனாகத் தெரியும். பேச்சில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்வோமே, அதற்கு இஎம், சாய்வாகத் தெரியும். தமிழில் இதை நான் குறைவாகத்தான் பயன்படுத்துகிறேன். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வெழுத்து தனியாக வரையப்பட்டிருக்காது. பிரௌசரே நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்க்கும், சுழிகள் அழகிழந்துவிடும். அடிக்கோடு போடும் யு டேக்கையும் தவிருங்கள், இணைப்பு என்று நினைத்து மக்கள் தட்டிப் பார்ப்பார்கள்.

படம்

1993ல் மொசைக் பிரௌசரை உருவாக்கிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன் முன்மொழிந்தது ஐஎம்ஜி டேக். இதற்கும் மூடும் டேக் இல்லை. தேவையான விவரங்களைத் திறக்கும் டேக்குக்குள்ளேயே எழுத வேண்டும். இப்படி எழுதுவதை ஆட்ரிபியூட், பண்பு, என்பார்கள்.

<ஐஎம்ஜி எஸ்ஆர்சி="குழம்பு.ஜேபிஜி" ஏஎல்டி="எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வத்தக்குழம்பு, கல்சட்டியில்">

எஸ்ஆர்சி படம் எங்கே இருக்கிறது என்பது. ஏஎல்டி படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கும், படம் வந்து சேராத மெதுவான இணைப்பில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது. "படம் 1" என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. இந்தப் படம் எதற்காக வைக்கப்பட்டது என்று யோசியுங்கள். குழம்பு இறக்கும் பதத்தைக் காட்ட வைத்தோம், ஆகவே எண்ணெய் பிரிந்ததைச் சொல்கிறோம். வெறும் அலங்காரப் படம் என்றால் ஏஎல்டி எழுதி, மேற்கோள் குறிக்குள் காலியாக விட்டுவிடலாம். திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும்.

படத்தின் பெயரைத் தட்டும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைக் கவனியுங்கள். கேமராவில் எடுத்த படத்தின் கடைசி மூன்று எழுத்துகள் பல சமயம் பெரிய எழுத்தில் இருக்கும். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வதால் வீட்டில் படம் தெரியும். இணையத்தில் ஏற்றினால் தெரியாது, ஏனென்றால் பக்கங்களை வைத்திருக்கும் சர்வர் கணினிகள் பெரும்பாலும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். நான் இதற்காக ஒரு மாலைப்பொழுது முழுவதையும் செலவிட்டிருக்கிறேன்.

மேற்கோள் குறி பற்றியும் சொல்ல வேண்டும். வேர்டிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறிகள் வந்துவிடும். பிரௌசருக்கு நேரான குறிதான் புரியும். எல்லாம் சரியாக இருந்தும் படம் வரவில்லை என்றால் குறியைப் பாருங்கள்.

இணைப்பு

ஏ என்ற ஒற்றை எழுத்து. ஆங்கர், நங்கூரம் என்ற சொல்லின் முதல் எழுத்து அது. எங்கே போக வேண்டும் என்பதை எச்ஆர்இஎஃப் என்ற பண்பு சொல்லும். உங்கள் ஃபோல்டரிலேயே இருக்கும் பக்கத்துக்கு ஃபைல் பெயர் மட்டும் போதும். வெளித்தளத்துக்கு எச்டிடிபிஎஸ் தொடங்கி முழு முகவரி வேண்டும். முன்பகுதியை விட்டுவிட்டு டபிள்யூ டபிள்யூ டபிள்யூ என்று தொடங்கினால், பிரௌசர் அந்தப் பெயரில் உங்கள் ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலைத் தேடும்.

இணைப்பாக வரும் சொற்கள் போகும் இடத்தைச் சொல்ல வேண்டும். "இங்கே கிளிக் செய்யவும்" என்று பத்து இடத்தில் இருந்தால், இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்கிறவருக்கு "இங்கே, இங்கே, இங்கே" என்றுதான் ஒலிக்கும். "வத்தல் காயவைப்பது எப்படி" என்ற சொற்களையே இணைப்பாக்கிவிடுங்கள்.

அட்டவணை

நான்கு பேருக்கு எவ்வளவு, எட்டுப் பேருக்கு எவ்வளவு என்று எழுத டேபிள். உள்ளே டிஆர் ஒரு வரிசை. வரிசைக்குள் டிஎச் தலைப்புக் கட்டம், டிடி சாதாரணக் கட்டம். எல்லாவற்றையும் டிடியில் போட்டாலும் பார்க்க ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும். ஆனால் "4 மேசைக்கரண்டி" என்ற கட்டத்துக்கு வரும்போது, அது நல்லெண்ணெய்க்கு, எட்டுப் பேருக்கு என்பதை டிஎச் இருந்தால்தான் திரைவாசிப்பான் சேர்த்துச் சொல்ல முடியும். பக்கத்தை இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டாகப் பிரிக்க டேபிளைப் பயன்படுத்துவது பழைய வழக்கம், அதை விட்டுவிடுங்கள்.

மீதி

பக்கம் வளரும்போது பெரிய பகுதிகளுக்குப் பெயர் வைக்க ஹெட்டர், நேவ், மெயின், ஃபுட்டர் என்ற டேக்குகள் எச்டிஎம்எல்5ல் வந்தன. பெயரே வேலையைச் சொல்லிவிடும். எந்தப் பெயரும் பொருந்தாத இடத்தில்தான் டிவ். வரிக்குள் என்றால் ஸ்பான். இந்த இரண்டுக்கும் சொந்தப் பொருள் கிடையாது, வெறும் பை. பல பக்கங்களில் டிவ் மட்டுமே இருப்பதைப் பார்ப்பீர்கள். அதைப் பின்பற்ற வேண்டாம். ஃபான்ட், சென்டர், எழுத்தை ஓடவிடும் மார்க்கீ ஆகியவை பழைய பக்கங்களில் இருக்கும். மூன்றும் காலாவதி என்று விதிமுறையிலேயே எழுதியாகிவிட்டது.

கோண அடைப்புக் குறியையே பக்கத்தில் காட்ட வேண்டும் என்றால் நேராகத் தட்டக் கூடாது, பிரௌசர் டேக் என்று நினைத்துவிடும். திறக்கும் அடைப்புக்கு, "அண்ட்" என்பதைக் குறிக்கும் ஆம்பர்சண்ட் குறி, எல்டி, அப்புறம் ஒரு அரைப்புள்ளி, இடைவெளி இல்லாமல்.

சரிபார்ப்பது

ஃபைலைச் சேமித்து, இரண்டு முறை கிளிக் செய்து பிரௌசரில் திறந்து பாருங்கள். மாற்றம் செய்தால் சேமித்துவிட்டு எஃப்5. மூட மறந்த டேக் இருந்தாலும் பிரௌசர் குறை சொல்லாது, ஊகித்துக்கொண்டு போய்விடும். அதனால் டபிள்யூ3சி அமைப்பின் இலவச வேலிடேட்டரில் உங்கள் எழுத்தை ஒட்டிப் பாருங்கள், எந்த வரியில் என்ன தவறு என்று சொல்லும். மற்றவர்கள் எழுதிய பக்கத்தைப் பார்க்க கன்ட்ரோல், யு.

கடைசியாக என்விடிஏவை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, எச் விசையை மட்டும் தட்டி உங்கள் பக்கத்தைக் கேளுங்கள். குழம்பின் பெயர், தேவையான பொருட்கள், செய்முறை, அளவு என்று நான்கும் வரிசையாகக் காதில் விழுந்தால், பக்கத்தை ஏற்றிவிடலாம்.